ஹம்போல்ட் கவுண்டிக்குக் குடிபோகலாமா? வாடகை பாதி, மற்றதெல்லாம்?

சான் ஹோசேயில் மாதம் 3,400 டாலர் வாடகை கொடுக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு, கலிபோர்னியாவின் வடக்குக் கரையில் ஹம்போல்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் அர்காட்டா ஊரில் உள்ள கால் பாலி ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை வந்திருக்கிறது. உங்களுக்கு மென்பொருள் வேலை, இப்போதைக்கு முழுக்க வீட்டிலிருந்தே. நாலு வயதில் ஒரு மகள். வருடத்தில் பாதி நாள் ஊரிலிருந்து அம்மா வந்து இருப்பார். "அங்கே செலவு பாதிதான் என்கிறார்களே, உண்மையா? குடும்பத்தோடு இருக்கத் தோதான இடமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாடகை ஏறக்குறைய பாதி, உண்மைதான். மொத்தச் செலவு பாதியாகாது. கால்வாசி குறைந்தால் நல்லபடியாக நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். நான் அர்காட்டாவுக்கு வடக்கே மெக்கின்லிவில்லில் பல வருடமாக இருக்கிறேன். இங்கே வந்து சந்தோஷமாக இருப்பவர்களையும், இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் மூட்டை கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் கொடுத்த வாடகை ஒன்றுதான். சம்பளம் எங்கிருந்து வந்தது, மருத்துவரையும் விமானத்தையும் அடிக்கடி தேட வேண்டிய நிலை இருந்ததா, இவைதான் வித்தியாசம். உங்கள் கணக்கையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 430 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். குழந்தை பின்சீட்டில் இருந்தால் ஆறுக்கு மேல் ஆகும். 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டி முழுவதிலும் சுமார் 1,36,000 பேர். பெரிய ஊரான யுரீகாவில் 26,500, அர்காட்டாவில் 19,000-க்குச் சற்றுக் குறைவு. கடலோரமாகவே வரும் நெடுஞ்சாலை 1, இதற்குத் தெற்கே லெகெட்டில் 101-ஐத் தொட்டு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே மலை அவ்வளவு செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் கரையோரம் சாலை போட முடியவில்லை. அந்தக் கரைக்கு லாஸ்ட் கோஸ்ட் என்று பெயர். வாடகை குறைவாக இருப்பதற்கும், மற்றவை குறையாததற்கும் இந்த மலைதான் காரணம்.

இனி பணம். கவுண்டியில் ஒரு குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் 60,000 டாலரை ஒட்டி. மாநில அளவில் அது 95,000-க்குப் பக்கம். வீட்டின் இடைநிலை விலை இங்கே 4 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே, மாநிலத்தில் அதைப் போல் இரண்டு மடங்கு. வெளியே சம்பாதித்து இங்கே செலவழிப்பவருக்கு இது நல்ல பேரம். இங்கேயே கடையிலோ உணவகத்திலோ சம்பாதிப்பவருக்கு ஹம்போல்ட் மலிவான ஊர் இல்லை. வருமானத்தில் பாதியை வாடகைக்குக் கொடுப்பவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். "அங்கே மலிவு" என்று உங்களிடம் சொன்னவர் எந்தப் பக்கத்தில் இருப்பவர் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டு சம்பளமும் சாதகமாகவே இருக்கின்றன. மனைவி சேரும் பல்கலைக்கழகம் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்; அதன் ஆசிரியர்களுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே சம்பள ஒப்பந்தம். அதனால் அந்தச் சம்பளம் சான் ஹோசேயில் இழுபறியாகவும் அர்காட்டாவில் நிம்மதியாகவும் இருக்கும். உங்கள் சம்பளம் சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. இடம் மாறினால் சம்பளத்தைக் குறைக்கும் விதி உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் இருக்கிறது.

நான் கவலைப்படுவது அந்த இரண்டாவது சம்பளத்தைப் பற்றித்தான். நாளைக்கு நிறுவனம் எல்லாரும் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று சொன்னாலோ, ஆட்குறைப்பில் உங்கள் பெயர் வந்தாலோ, இங்கே அதே வேலை கிடைக்காது. பெரிய முதலாளிகள் என்றால் பல்கலைக்கழகம், கவுண்டி அரசு, மருத்துவமனைகள், பள்ளிகள், யூரோக் போன்ற பழங்குடி அரசுகள். மென்பொருள் நிறுவனம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆகவே வீட்டுக் கடனை மனைவியின் ஒற்றைச் சம்பளத்தில் கட்ட முடிகிற அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் இதே பாடத்தைப் பல முறை படித்திருக்கிறது. முதலில் மரம். 150 வருடமாக ரெட்வுட் மரத்தை வெட்டி வளர்ந்த ஊர் இது. ஸ்கோஷியாவில் ஊரையே சொந்தமாக வைத்திருந்த பசிபிக் லம்பர் கம்பெனி 2007-ல் திவாலானது. மீன்பிடிப்பும் அப்படித்தான். ஆற்றில் மீன் வரத்து படுத்துவிட்டதால் 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கலிபோர்னியாவில் வணிக சால்மன் மீன்பிடிப்பு மூடப்பட்டது. டங்கனஸ் நண்டுப் பருவம் இருக்கிறது, ஆனால் நண்டில் நச்சு, நண்டுக் கூண்டுகளின் கயிற்றில் திமிங்கலம் சிக்கும் அபாயம் என்று தொடக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் கஞ்சா. மலைகளில் மறைவாக வளர்ந்துகொண்டிருந்த பணப்பயிர் அது. 2016-ல் மாநில வாக்கெடுப்பில் சட்டபூர்வமானது, 2018-ல் கடை விற்பனை தொடங்கியது, சில வருடங்களில் விலை சரிந்தது. தெற்கு ஹம்போல்ட்டில் கார்பர்வில் பக்கம் போனால் மூடிய கடைகளைப் பார்க்கலாம். அடுத்த நம்பிக்கை கடலில் மிதக்கும் காற்றாலை. அதற்கான துறைமுகம் கட்ட 2024 ஜனவரியில் மத்திய அரசு 42 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2025 ஆகஸ்ட்டில் அடுத்த அரசு அதை ரத்து செய்தது. "அடுத்த வருடம் இங்கே வீட்டு விலை ஏறிவிடும், இப்போதே வாங்குங்கள்" என்று எந்தத் தரகராவது சொன்னால் இதெல்லாம் நினைவில் இருக்கட்டும்.

வாடகைக்கு வருவோம். இரண்டு படுக்கையறை வீடு 1,400 முதல் 1,900 டாலருக்குள் கிடைக்கும். அர்காட்டாவில் கூடுதல், யுரீகாவிலும் ஃபார்ச்சூனாவிலும் குறைவு. விலையை விட வீடு கிடைப்பதே சிரமம். பல்கலைக்கழகத்தில் சுமார் 6,000 மாணவர்கள். விடுதி போதாமல் வண்டியிலேயே தூங்கிய மாணவர்களை வளாக வாகன நிறுத்தத்திலிருந்து 2023-ல் வெளியேற்றியது நாடு முழுக்கச் செய்தியானது. 2025-ல் ஏறக்குறைய 960 படுக்கைகளோடு புது விடுதி திறந்த பிறகு நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் ஜூலை, ஆகஸ்ட்டில் வீடு தேடாதீர்கள், மாணவர்களும் அப்போதுதான் தேடுவார்கள். மே மாத மத்தியில், அவர்கள் காலி செய்யும் சமயத்தில் வாருங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது சமையலறை மேடையைப் பார்த்து மயங்காமல், மூலைகளை முகர்ந்து பாருங்கள். இங்குள்ள பெரும்பாலான வீடுகள் பழைய மரவீடுகள். சுவருக்குள் குளிர் தடுப்புப் பஞ்சு இருக்காது, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தரைக்கு அடியில் ஈர மண். அலமாரியின் பின்பக்கம், ஜன்னல் சட்டம், கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவர் எல்லாம் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று கட்டாயம் வாங்க வேண்டிவரும், அது இரவும் பகலும் ஓடும். பட்டுப்புடவைகளைக் கொண்டுவரும்போது உங்கள் அம்மாவே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

மழை, குளிர் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு விஷயம். யுரீகாவில் வருடத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் இதைவிடக் கூடுதலாகப் பெய்கிறது. ஆனால் சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை இங்கே அக்டோபரிலிருந்து மே வரை தூறிக்கொண்டே இருக்கும். கோடையில் மழை நிற்கும், மூடுபனி வரும். ஆகஸ்ட்டிலும் பகல் வெப்பம் சராசரியாக 18 டிகிரி செல்சியஸ்தான். யுரீகாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பமே 31 டிகிரிக்குள். ஏசி யாரிடமும் கிடையாது, தேவையும் இல்லை. வெயில் வேண்டுமென்றால் 299 சாலையில் ஒரு மணி நேரம் உள்ளே போய் வில்லோ க்ரீக்கில் இறங்குங்கள், அங்கே அதே நாளில் 38 டிகிரி அடிக்கும். குளிர்காலத்தில் உறைபனி அபூர்வம், பனிப்பொழிவு அதைவிட அபூர்வம். ஆனால் குளிர் வீட்டை விட்டுப் போகவே போகாது. வருடத்தில் பத்து மாதமாவது ஹீட்டர் ஏதோ ஒரு வேளை ஓடும்.

இது நேரே பில்லில் தெரியும். மின்சாரமும் எரிவாயுவும் பிஜி அண்ட் ஈ நிறுவனம்தான். சான் ஹோசேயில் நீங்கள் கட்டும் அதே கட்டண அடுக்குகள், யூனிட்டுக்கு 40 செண்ட்டைச் சுற்றி. சுவரில் மின்சார ஹீட்டர் பதித்த வாடகை வீடு என்றால் ஜனவரி பில் 400 டாலரைத் தாண்டலாம். எரிவாயு ஹீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை 100 டாலர் கூடுதல் என்றாலும் அதையே எடுங்கள். பலர் விறகடுப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு விறகு வாங்கி, அடுக்கி, காய வைத்து, சாம்பல் அள்ளி… வேலை அதிகம், ஆனால் கரண்ட் போனாலும் வீடு சூடாக இருக்கும். கரண்ட் போகும். 2019 அக்டோபரில் காட்டுத்தீ பயத்தில் நிறுவனம் கவுண்டி முழுவதையும் இருட்டில் ஆழ்த்தியது, இத்தனைக்கும் யுரீகா பக்கத்திலேயே மின் நிலையம் இருக்கிறது. அதன்பிறகு அந்த நிலையத்தைத் தனியாக இயக்கி உள்ளூருக்கு மின்சாரம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். விமான நிலையத்தில் 2022-லிருந்து சூரிய சக்தியும் பேட்டரியும் கொண்ட தனி மின்வலை ஓடுகிறது.

பெட்ரோல் விலை கலிபோர்னியாவிலேயே மேல்வரிசை. மாநிலச் சராசரியை விட கேலனுக்குச் சில பத்து செண்ட் கூடவே இருக்கும். ஆனால் அலுவலகம் போக இருபது நிமிடம், நெரிசல் என்ற சொல்லுக்கே வேலையில்லை. எனவே நிரப்புவது குறையும். நீண்ட பயணங்களுக்குத்தான் டேங்க் காலியாகும்.

மளிகையில் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம், இழப்பும் பெரிதாக இல்லை. மலிவு விலைப் பெருங்கடைகளான காஸ்ட்கோ, வின்கோ இரண்டும் யுரீகாவில் உண்டு. அர்காட்டா பிளாசாவில் சனிக்கிழமை உழவர் சந்தை. கீரையும் உருளைக்கிழங்கும் பால் பொருட்களும் அருமையாக இருக்கும், விலை அப்படி இருக்காது. சமைக்காத மளிகைக்குக் கலிபோர்னியாவில் விற்பனை வரி கிடையாது. மற்ற பொருட்களுக்கு வரி உண்டு, 2024 நவம்பர் வாக்கெடுப்பில் சாலைகளுக்காக கவுண்டி மேலும் 1 சதவீதம் சேர்த்துக்கொண்டது. நம் சாமான்களுக்கு மட்டும் திட்டம் வேண்டும். இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், புளி எல்லாம் இணையத்தில் வாங்கலாம், அல்லது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குப் போகும்போது டிக்கியை நிரப்பி வரலாம். எனக்குத் தெரிந்த வீடுகளில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை இந்தக் கொள்முதல் நடக்கும். கறிவேப்பிலையை உறைய வைப்பார்கள். முருங்கைக்காய்க்கு ஆசைப்படக் கூடாது. சமையலறை 15 டிகிரியில் இருந்தால் மாவு புளிக்காது. அடுப்பின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க உள்ளே வைக்க வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் கேட்டிருக்கிறீர்கள். நான் நிறையச் சொல்ல வேண்டும். இங்கே பணம் இருந்தும் வாங்க முடியாத ஒரு பொருள் உண்டென்றால் அது சிறப்பு மருத்துவரின் நேரம்.

யுரீகாவில் செயின்ட் ஜோசப், ஃபார்ச்சூனாவில் ரெட்வுட் மெமோரியல், அர்காட்டாவில் மேட் ரிவர், கார்பர்வில்லில் ஒரு சின்ன மருத்துவமனை. இவ்வளவுதான். பிரசவப் பிரிவு ஃபார்ச்சூனாவில் 2021-ல் மூடப்பட்டது, மேட் ரிவரில் 2024-ல் மூடப்பட்டது. அதோடு கவுண்டி முழுவதற்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையாக யுரீகா ஒன்றே மிஞ்சியது. இரண்டாவது குழந்தை பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள், முக்கியமாக முந்தைய பிரசவத்தில் சிக்கல் இருந்திருந்தால். மிகவும் குறைமாதக் குழந்தையோ பெரிய சிக்கலோ என்றால் சான் பிரான்சிஸ்கோ போன்ற பெருநகருக்கு விமானத்தில் கொண்டுபோவார்கள்.

குடும்ப மருத்துவரிடம் புது நோயாளியாகச் சேரவே மாதங்கள் ஆகும். 1971-லிருந்து நடக்கும் ஓப்பன் டோர் சமூக மருத்துவமனைகள்தான் பாதி ஊருக்குக் கைகொடுக்கின்றன. வேலை ஒப்பந்தம் கையெழுத்தானதும், வீடு பார்ப்பதற்கு முன்பே, அங்கே காத்திருப்புப் பட்டியலில் மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிடுங்கள். தோல், நரம்பு, மூட்டு, குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவம் என்றால் பலரும் ரெடிங்குக்கோ சாண்டா ரோசாவுக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ போகிறார்கள். ஒரு ஆலோசனைக்கு ஒரு நாள் விடுப்பு, இரண்டு டேங்க் பெட்ரோல், சில சமயம் ஒரு இரவு விடுதி வாடகை. காப்பீட்டு நிறுவனம் இதையெல்லாம் கொடுக்காது. வாழ்க்கைச் செலவுக் குறியீடுகளிலும் இது வராது.

இப்போது நீங்கள் கைசர் காப்பீட்டில் இருந்தால், அது இங்கே செயல்படுவதில்லை. பல்கலைக்கழகம் கொடுக்கும் திட்டங்களில் அர்காட்டாவிலும் யுரீகாவிலும் எந்த மருத்துவர்கள் உள்ளே வருகிறார்கள், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனை வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டாவதுக்காக மாதச் சந்தா கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம்.

அம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுப்பீர்கள் இல்லையா, அதில் அவசர விமானப் போக்குவரத்துக்கு எவ்வளவு வரம்பு என்று படியுங்கள். ஹெலிகாப்டரோ சிறு விமானமோ ஒரு முறை பறந்தால் பில் பல்லாயிரம் டாலர். எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் உங்கள் உள்ளூர்க் காப்பீட்டுக்கு இந்த விஷயத்தில் பாதுகாப்பு தருகிறது; வெளிநாட்டுப் பயணியின் காப்பீட்டுக்கு அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அம்மாவுக்கு இதய நோயோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால், அந்த ஆறு மாதத்தை இங்கே கழிக்கச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றால் சரி.

பயணம். விமான நிலையம் மெக்கின்லிவில்லில், யுனைட்டட் விமானம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை கட்டிய ஓடுதளம் அது. மூடுபனியில் விமானத்தை இறக்குவது எப்படி என்று பரிசோதிக்க வசதியாக இருக்கும் அளவுக்கு அங்கே பனி மூடும், பரிசோதனையும் நடந்தது. அதனால் சென்னை விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் அதே நாள் காலை இணைப்பை நம்பாதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள். டிக்கெட் விலையையும் ஓர் இரவு தங்கலையும் சேர்த்தால் வருடத்துக்கு ஒரு ஊர்ப் பயணத்துக்குக் குடும்பத்துக்கு ஆயிரம் டாலருக்குக் குறையாமல் கூடுதலாக ஆகும்.

முக்கியச் சாலை வழி மூன்று: தெற்கே 101, வடக்கே 101, கிழக்கே 299. மூன்றிலும் மழைக்காலத்தில் மண் சரியும். வடக்கே கிரசண்ட் சிட்டிக்குப் போகும் வழியில் லாஸ்ட் சான்ஸ் கிரேடு என்ற இடத்தில் மலையே கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. சுரங்கப்பாதை போடுவதுதான் திட்டம். சாலை மூடினால் ஊர் பதறாது. கடையில் சில தட்டுகள் காலியாகும், நாலு நாளில் திறக்கும். வீட்டில் இரண்டு வாரத்துக்கு அரிசி பருப்பு வைத்திருப்பவர்கள் நாம், நமக்கு இது பெரிய பாடில்லை.

நிலநடுக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று புவித்தட்டுகள் சந்திக்கும் இடம் மெண்டோசினோ முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1992 ஏப்ரலில் 7.2. 2022 டிசம்பர் 20 அதிகாலை 6.4, ரியோ டெல் ஊரில் பல வீடுகள் அடித்தளத்திலிருந்து நழுவின. 2024 டிசம்பர் 5 கடலுக்கடியில் 7.0, எல்லார் கைப்பேசியிலும் சுனாமி எச்சரிக்கை அலறி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ரத்தானது. 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்காவில் நிலம் அதிர்ந்தபோது மெண்டோசினோ முனையிலிருந்து ஓரிகன் எல்லை வரை எச்சரிக்கை விடப்பட்டது. ஆக, சமோவா தீபகற்பம், கிங் சால்மன் போன்ற தாழ்வான இடங்களில் கடல் பார்த்த வீடு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அங்கே நிலம் அமிழ்ந்துகொண்டிருப்பதால் அமெரிக்க மேற்குக் கரையிலேயே கடல்மட்டம் வேகமாக ஏறுவது ஹம்போல்ட் விரிகுடாவில்தான்.

சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கத்துக்குப் பணம் தராது. தனியாக எடுக்க வேண்டும், அதிலும் வீட்டு மதிப்பில் 5 முதல் 25 சதவீதம் வரை உங்கள் கையிலிருந்து போன பிறகுதான் அவர்கள் பை திறக்கும். 1980-க்கு முந்தைய வீடு என்றால் மரச்சட்டத்தை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்க மாநிலத் திட்டத்தில் 3,000 டாலர் வரை மானியம் உண்டு. வாங்குவதற்கு முன் இந்த வேலை செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சொத்து வரி 1978-லிருந்து வாங்கிய விலையில் 1 சதவீதம், உள்ளூர்ச் சேர்க்கைகள் தனி. வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பை ஏற்ற மாட்டார்கள். அந்த ஒன்று நிம்மதி.

"மலைப்பக்கம் 40 ஏக்கர், வீட்டோடு, சான் ஹோசே அடுக்கக விலையில் பாதி" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். தொடாதீர்கள். கிணறு, கழிவுத்தொட்டி, மண்சாலை எல்லாம் உங்கள் பொறுப்பு. காட்டுத்தீ பகுதியில் வீட்டுக் காப்பீடு கிடைக்காமல் மாநிலத்தின் கடைசிப் புகலிடத் திட்டத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் கஞ்சாவுக்காகப் போட்ட கூடாரங்கள், வெட்டிய மண் இவற்றுக்கான கவுண்டி அபராதம் நிலத்தோடு வரும். நாளுக்கு 10,000 டாலர் வரை அபராத அறிவிப்பு வாங்கிய புது உரிமையாளர்கள் 2022-ல் கவுண்டிக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். தெற்குப் பகுதியில் புது மின் இணைப்புக்கு மின்தடத்தில் கொள்ளளவே இல்லை என்று நிறுவனமே கைவிரித்த காலமும் உண்டு.

சரி, வாழ்கிற இடமா என்ற கேள்விக்கு வருவோம்.

மகளுக்கு இந்த ஊர் நல்லது. 2025-26 கல்வியாண்டிலிருந்து செப்டம்பர் 1-க்குள் நாலு வயது நிறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் மாநிலத்தில் அரசுப் பள்ளி முன்வகுப்பு இலவசம். எனவே குழந்தைக் காப்பகச் செலவு உங்களுக்குப் பெரும்பாலும் போய்விடும். கைக்குழந்தைகளுக்கான இடம்தான் இங்கே கிடைப்பதில்லை. பள்ளிகள் சின்னவை, ஆசிரியருக்கு எல்லாக் குழந்தையின் பெயரும் தெரியும். உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது பாடத் தேர்வுகள் குறையும், ஆனால் பல்கலைக்கழகமும் ரெட்வுட்ஸ் கல்லூரியும் பக்கத்தில் இருப்பதால் சமாளிக்கலாம். கணிதப் போட்டி, கோச்சிங், பரதநாட்டிய வகுப்பு எல்லாம் நடக்கும், சான் ஹோசே பக்கத்துக் கியூபர்டினோ வாழ்க்கையை எதிர்பார்த்தால் ஏமாற்றம். ஒரு மணி நேரத்துக்குள் 100 மீட்டர் உயர மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டுமா, தடுக்கி விழுந்தால் ரெட்வுட்தான். தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அர்காட்டாவின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பே ஒரு சதுப்பு நிலப் பறவைகள் காப்பகம்; சாயங்காலம் அங்கேதான் ஊரே நடக்கும்.

கடலில் மட்டும் எச்சரிக்கை. மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் இறங்க வேண்டாம். தண்ணீர் வருடம் முழுக்க 10 முதல் 13 டிகிரி. அமைதியாகத் தெரியும் கரையில் திடீரென ஓர் அலை எல்லையைத் தாண்டி ஏறி ஆளை இழுத்துப் போகும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம்மவர்கள் மிகக் குறைவு. பொங்கலுக்கு ஒரு வரவேற்பறை போதும். மக்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள்; பழங்குடிகள், லத்தீனோக்கள், மாங் (Hmong) என்ற தென்கிழக்கு ஆசிய மக்கள் கணிசமாக உண்டு. 1885 பிப்ரவரியில் யுரீகா தன் சீனக் குடிகளை, ஏறக்குறைய 300 பேரை, இரண்டே நாளில் கப்பலேற்றி விரட்டிய ஊர். பல பத்தாண்டுகள் அவர்களைத் திரும்ப விடவில்லை. அதே யுரீகா இன்று சைனாடவுன் இருந்த தெருவில் நினைவுச் சுவரோவியம் வைத்திருக்கிறது, 2019-ல் வியோட் பழங்குடிகளுக்கு அவர்களுடைய புனிதத் தீவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அன்றாடத்தில் எனக்கு மரியாதைக்குக் குறைவு வந்ததில்லை. வேடிக்கையாகப் பார்ப்பது உண்டு. யுரீகா நகர்மையத்தில் வீடற்றவர்கள், போதைப் பழக்கம், வண்டிக் கண்ணாடி உடைப்பு எல்லாம் இருக்கிறது. சான் ஹோசேயிலிருந்து வருபவருக்கு இது புதிதல்ல.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். வண்டி ஓட்டத் தெரியாதவருக்கு 101 வழியே போகும் பேருந்தும் சில உள்ளூர்ப் பேருந்துகளும்தான், அவையும் மணிக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு. கோயில் இல்லை, பேச ஆள் இல்லை, டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. அவரை நவம்பரில் வரவழைக்காமல் ஏப்ரல் கடைசியில் வரச் சொல்லி அக்டோபரில் அனுப்புங்கள். செப்டம்பரும் அக்டோபர் முற்பாதியும்தான் இங்கே மூடுபனி விலகி வெயில் நிற்கும் நாட்கள். அர்காட்டா பிளாசாவிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு எடுத்தால் அவர் தனியாகவே வெளியே போய்வர முடியும், அதற்காக மாதம் 200 டாலர் கூடக் கொடுக்கலாம்.

உங்கள் மாதக் கணக்கைத் தோராயமாக இப்படிப் போடுவேன். வாடகையில் 1,600 டாலர் மிச்சம். அதில் மின்சாரம், சூடேற்றல் 150 முதல் 200 வரை எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பயணம், சான் பிரான்சிஸ்கோ பக்கப் பயணம், மருத்துவத்துக்குப் போய்வருவது எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 250 முதல் 300. இணையக் கொள்முதல், ஈரத்தால் கெடும் பொருட்கள், இதர சில்லறை 100. மிச்சம் 1,000 டாலரைச் சுற்றி நிற்கும், அதோடு காப்பகச் செலவு போனால் இன்னும் கூடும். உங்கள் சம்பளத்தை நிறுவனம் 10 சதவீதம் குறைத்தால் இந்த மிச்சத்தில் பெரும்பகுதி காணாமல் போகும், அதனால்தான் முதலில் எழுத்தில் கேளுங்கள் என்றேன்.

வீடு வாங்குவதை ஒரு முழு மழைக்காலம் வாடகையில் இருந்து பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் போவதும் பிப்ரவரியில் போங்கள். அப்போதுதான் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த வீட்டின் கூரையில் பாசி, எந்த அடித்தளத்தில் ஊற்று என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மெக்கின்லிவில் மேட்டில் விமான நிலையத்துக்குக் கிழக்கே, அர்காட்டாவில் சமூகக் காட்டை ஒட்டிய சரிவு, யுரீகாவில் கட்டன் பக்கம், இந்த மூன்று பகுதிகளிலிருந்து தேடத் தொடங்கலாம். மூன்றும் சுனாமி எல்லைக்கு மேலே. இணைய இணைப்பு வீட்டுக்கு வீடு மாறும், கேபிள் ஒரு தெருவில் முடிந்துவிடும். உங்கள் வேலையே அதை நம்பி இருப்பதால், விலாசத்தைக் கொடுத்து நிறுவனத்திடம் உறுதி வாங்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.